ஒகினாவாவின் சுண்ணாம்புப் பாறைக் கரைக்குப் போகிறவர்களுக்கு

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவுக்கு வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் எங்களிடம் முதலில் கேட்பது, எந்தெந்த இடம் பார்க்க வேண்டும் என்றுதான். நான் பதிலுக்கு எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேட்பேன். கடற்கரை மணலில் உட்காருவதற்கு மட்டும் என்றால் இந்தக் கேள்வி தேவையில்லை. பாறைக் கரைக்குப் போவதென்றால் ஊர்ப் பெயரைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். என் கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக மேற்குக் கரையில் ஒன்னா கிராமத்தில் குடியிருக்கிறோம். விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போகிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெயர் பெற்ற செங்குத்துப் பாறைகளில் பாதிக்கு மேல் தீவின் மேற்குப் பக்கம் இருக்கின்றன. மன்சாமோ, மாயேடா முனை, ஸன்பா முனை எல்லாம் அப்படித்தான். அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து ஒரு காற்று தொடங்கும். இங்கே உள்ளவர்கள் அதை மீனிஷி என்பார்கள். அது தொடங்கிவிட்டால் மார்ச் வரை இந்த மேற்குக் கரைக்கு ஓய்வே இல்லை. வானம் நீலமாக இருக்கும், குளிரும் பெரிதாக இருக்காது, ஆனால் கடல் பாறையில் மோதி மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். கோடையில் காற்று தெற்கிலிருந்து வரும். அப்போது இதே கரை குளம் மாதிரி கிடக்கும், தெற்குக் கரை சீறும். ஆகவே குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு என் திட்டம் இதுதான்: மேற்கே மேலிருந்து மட்டும் பார்ப்பது, கீழே இறங்க ஆசை இருந்தால் தெற்கிலோ கிழக்கிலோ ஓர் இடம் தேடுவது. கோடையில் வந்தால் தலைகீழ்.

கோடைக்கு ஒரு விதிவிலக்கு, புயல். ஒகினாவாவை ஆண்டுக்கு ஏழெட்டுப் புயல்கள் நெருங்குகின்றன, பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபருக்குள். புயல் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இங்கே வெயில் கொளுத்தும், காற்றே இருக்காது. ஆனாலும் அது கிளப்பிய நீளமான அலைகள் ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். இந்த அலை கடல் நடுவில் கண்ணுக்கே தெரியாது, பாறைக்குப் பக்கத்தில் வந்துதான் எழும்பும். விடுமுறைக்கு வந்தவர்களை நான் அதிகம் பயமுறுத்துவது இந்த அழகான நாட்களைப் பற்றித்தான். மழையும் காற்றுமாக இருந்தால் அவர்களே வெளியே கிளம்ப மாட்டார்கள்.

காலையில் கிளம்புமுன் ஜப்பான் வானிலை மையத்தின் பக்கத்தில் அலை உயரத்தைப் பாருங்கள். அங்கே கொடுத்திருக்கும் எண்ணைப் புரிந்துகொள்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. 2 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை, அதிகபட்சம் 2 மீட்டர் என்றும் அர்த்தமில்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அறிவிக்கிறார்கள். நூறு அலைக்கு ஒன்று அதைப்போல ஒன்றரை மடங்கு வரும். ஆயிரத்துக்கு ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். பத்து நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் அலை வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. "பத்து நிமிஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன், இங்க வரை தண்ணி வரலையே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் பார்த்தது அறுபது அலை.

என் சொந்த அளவுகோல் இது. ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் இறங்கலாம். இரண்டு மீட்டர் வரை என்றால் வேலி போட்ட இடங்கள் மட்டும். அதற்கு மேல், அல்லது அலை எச்சரிக்கை அமலில் இருந்தால், வேறு வேலை பார்க்கலாம். தலைநகர் நாஹாவில் ஷுரி கோட்டை இருக்கிறது, சந்தை இருக்கிறது.

பாறையைப் பற்றி

இது ஒரு காலத்தில் பவளம். தீவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் கிடக்கிற ரியூக்யூ சுண்ணாம்புக் கல், சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் பவளமும் சிப்பியும் சேர்ந்து உண்டானது, பிறகு நிலத்தோடு மேலே எழும்பியது. உற்றுப் பார்த்தால் பவளத்தின் வரிகள் இன்றும் தெரியும். சுண்ணாம்பு என்பதால் மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எல்லா இடமும் ஒரே அளவில் கரைவதில்லை. கரைந்த இடம் குழி, கரையாத இடம் முள். மேற்பரப்பு முழுக்கத் தேங்காய்த் துருவியின் பல் போல நிற்கும். நின்றால் ஒன்றும் செய்யாது, தடுக்கி விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும் கிழியும். உயரத்திலிருந்து விழுந்து அடிபடுகிறவர்கள் அபூர்வம். சமதளத்தில் தடுக்கிக் கையை ஊன்றி, தையல் போடுகிற அளவுக்குக் காயப்படுவதுதான் சாதாரணமாக நடப்பது.

அடுத்தது, அடியில் நடப்பது. கடல் மட்டத்தை ஒட்டிய பகுதியை அலையும், பாறையைத் துளைக்கிற சிறு உயிர்களும் சேர்ந்து அரித்து அரித்து உள்ளே தள்ளிவிடும். மேலே பாறை தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். கரையில் தனியாக நிற்கிற பாறைகள் காளான் வடிவத்தில் இருப்பது இதனால்தான். மன்சாமோவில் யானைத் துதிக்கை என்று எல்லோரும் படம் எடுப்பதும் இந்த அரிப்பின் வேலைதான். அதைத் தூரத்திலிருந்து ரசிக்கிறோம் அல்லவா, நாம் காலூன்றி நிற்கிற விளிம்பின் அடியும் அதே மாதிரி இருக்கலாம். மேலே நிற்கிறவருக்கு அது தெரியாது. விளிம்பிலிருந்து குறைந்தது ஓர் ஆள் நீளம் தள்ளி நில்லுங்கள் என்று நான் சொல்வது வழுக்கிவிடும் என்பதற்காக மட்டும் இல்லை.

எங்கே நிற்கலாம் என்பதைப் பாறையே காட்டும். ஈரமாகவும் பச்சையாகவும் இருக்கிற இடம் பாசி, அதில் கால் வைக்கவே கூடாது. அதற்கு மேலே கருப்பாக இருக்கிற பட்டை, தண்ணீர் அடிக்கடி தெறிக்கிற இடம். இப்போது காய்ந்திருந்தாலும் அது அலையின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்கும் மேலே சாம்பல் நிறப் பாறை வரும், இடுக்குகளில் குட்டையாகப் புதர்ச் செடிகள் வேர் பிடித்திருக்கும். சாதாரண நாளில் நான் நிற்பது அந்தச் செடி வரிசைக்குப் பின்னால். பாறையில் ஓட்டை இருந்து, அதிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தால் அடியில் குகை இருக்கிறது. நல்ல அலை வரும்போது அந்த வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும். குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

வற்றமும் ஏற்றமும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய இரண்டு மீட்டர். கரைக்கும் வெளிப் பவளத்திட்டுக்கும் இடையில் ஆழமில்லாத தண்ணீர் தேங்கும். அதற்கு இங்கே இனோ என்று பெயர். வற்றத்தில் அதில் நடந்தே போகலாம். சந்திர நாட்காட்டிப்படி மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் ஹமாஉரி என்று ஒரு வழக்கம் உண்டு. அன்று பெண்கள் கடலில் இறங்கிக் கைகால் நனைத்துத் தூய்மை செய்துகொள்வார்கள், குடும்பத்தோடு சிப்பி பொறுக்குவார்கள். வசந்த காலத்தில் பெரிய வற்றம் பகலில் வருவதால் அது தோதாக இருக்கிறது. குளிர்காலத்தில் பெரிய வற்றம் இரவில்தான் வரும்.

பார்க்கிறவர்களுக்கு நாமும் போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் வற்ற நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே போய், முழு வற்ற நேரத்தில் கரையை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். ஏற்றம் வரும்போது தண்ணீர் நமக்கு எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை, முதுகுக்குப் பின்னால் உள்ள பள்ளங்களும் நிரம்பும். பவளத்திட்டில் ஆங்காங்கே இடைவெளி உண்டு. இனோவில் சேர்ந்த தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியே போகும். அங்கே இழுவை பலமாக இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக, அலை வெள்ளையாக உடைகிற பக்கம் போக வேண்டும். முடியாவிட்டால் சும்மா மிதக்க வேண்டும்.

தண்ணீருக்குள் எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். அழகான சிப்பியாகத் தெரிகிற கூம்பு நத்தைகளில் ஆளையே கொல்லக்கூடியது உண்டு. நீல வளைய ஆக்டோபஸ் உள்ளங்கையில் அடங்கிவிடும், அதன் கடிக்கு மாற்று மருந்து இல்லை. கல்மீன் கல்லாகவே தெரியும். பவளத்தைப் பிடுங்குவது சட்டப்படி தடை. பல இடங்களில் சிப்பிக்கும் கடற்பாசிக்கும் உள்ளூர் மீனவர்களின் மீன்பிடி உரிமை இருக்கிறது, நம் கையில் இருந்தால் அது திருட்டு. ஹமாஉரி அன்று பாட்டிமார்கள் பொறுக்குவதைப் பார்த்து நாமும் பொறுக்குவது சரிப்படாது.

எங்கே போகலாம்

முதல்முறை வருகிறவர்களுக்கு, வயதானவர்களுக்கு, குழந்தைகளுக்கு மன்சாமோ. நாஹாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கூட்டம் இருக்கும், சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும், எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் வேறு இடத்தைச் சொல்ல மாட்டேன். 20 மீட்டர் உயரப் பாறையை ஒட்டி, வேலி போட்ட நடைபாதை ஒரு சுற்று போய் வருகிறது. நுழைவுக் கட்டணம் 100 யென். 1726இல், அப்போது இங்கே இருந்த ரியூக்யூ அரசின் மன்னர் ஷோ கேய் இங்கே வந்து, பத்தாயிரம் பேர் உட்காரலாம் போலிருக்கிறதே இந்தப் புல்வெளி என்று வியந்ததாகச் சொல்வார்கள். பெயர் அப்படி வந்ததுதான். இங்குள்ள செடிக்கூட்டம் பாதுகாக்கப்பட்டது, புல்லை மிதிக்கக் கூடாது. என் மாமியார் வந்தபோது, "இவ்வளவு தூரம் வந்துட்டு கம்பிக்கு இந்தப் பக்கமே நிக்கணுமாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்கத்தை, அந்தப் பக்கம் புல்லுக்குக் கீழே பாறை இருக்கா, வெறும் காத்து இருக்கான்னு எனக்கே தெரியாது" என்றேன். அதற்கப்புறம் கம்பியைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது யோமிதான் ஊரின் ஸன்பா முனை. 30 மீட்டர் உயரப் பாறைகள் 2 கிலோமீட்டருக்கு வரிசையாக நிற்கின்றன. நடுவில் 1974இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். ஏறிப் பார்க்கலாம், 300 யென். அபாயமும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் நீளமான பாறை வெளி முழுக்க வேலி போட முடியாது. தூண்டில்காரர்கள் விளிம்பில் நிற்பார்கள். அவர்களைப் பார்த்து நாமும் போகக் கூடாது. அவர்கள் காலைப் பாருங்கள், ஆணி வைத்த காலணி. மேலே மிதவை அங்கி. அப்படி இருந்தும் அவர்களிலேயே விழுகிறவர்கள் உண்டு. மேற்கே பார்த்த முனை என்பதால் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் வரும். பார்த்துவிட்டு இருட்டில் அந்த முள்பாறையில் திரும்பி நடப்பதுதான் பிரச்சினை. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், நடைபாதையிலேயே நின்று பாருங்கள், சூரியன் அங்கேயும் அதேதான்.

மாயேடா முனையில் படி இறங்கிக் கடலுக்குள் போய், நீலக் குகையில் நீந்துவார்கள். அலை இருந்தால் அங்கே உள்ளவர்கள் படியை அடைத்துவிடுவார்கள். பணம் கட்டிவிட்டேனே என்று வழிகாட்டியிடம் வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹெடோ முனை தீவின் வடகோடி, யான்பாரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. இங்கே உள்ள சுண்ணாம்புக் கல் தெற்கில் உள்ளதைவிட மிகப் பழையது, 20 கோடி ஆண்டுக்கும் மேல். தெளிந்த நாளில் யோரோன் தீவு தெரியும். 1972 மே 15 வரை ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது, யோரோன் ஜப்பானிடம் இருந்தது. நடுவில் இருந்த கடல்தான் எல்லை. தாய்நாட்டோடு சேர நடந்த போராட்டத்தின் நினைவுக்கல் முனையிலேயே நிற்கிறது. காற்று பலம். குடை, தொப்பி, துப்பட்டா, புடவைத் தலைப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். பறக்கிற தொப்பியைப் பிடிக்கப் பாய்வதுதான் அங்கே நான் பார்த்த மிக ஆபத்தான காரியம்.

தெற்கே இதோமான் ஊரின் க்யான் முனை, வடகாற்றுக் காலத்துக்கு ஏற்றது. ஆனால் அதைச் சுற்றுலா இடம் என்று மட்டும் நினைத்துப் போக வேண்டாம். 1945 ஜூனில், ஒகினாவாப் போரின் கடைசியில், துரத்தப்பட்ட பொதுமக்கள் இந்தத் தெற்குக் கரையில் வந்து முட்டி நின்றார்கள், பலர் பாறையிலிருந்து குதித்தார்கள். பக்கத்தில் மபுனியில் அமைதிப் பூங்கா இருக்கிறது, இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள், 2,40,000க்கும் மேல். முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு கரைக்குப் போவதே முறை என்பது என் எண்ணம். மக்கள் பதுங்கியிருந்த சுண்ணாம்புக் குகைகளுக்குள் சொந்தமாக நுழையாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இந்தத் தீவில் இன்றும் கிடைக்கின்றன. துருப்பிடித்த இரும்பு எதையாவது பார்த்தால் தொடாமல் போலீஸ் எண் 110க்குச் சொல்லுங்கள். பாறையடியில் ஊதுவத்தியும் சிறு கல்லும் வைத்திருந்தால் அது வழிபாட்டு இடம். ஏறுவதோ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதோ வேண்டாம்.

போட்டுக்கொள்வதும் எடுத்துக்கொள்வதும்

ரப்பர் செருப்பு கூடாது. இதை மட்டுமாவது கேளுங்கள். கெட்டியான அடியுள்ள, குதிகாலை மூடுகிற ஷூ, முழங்காலை மூடுகிற பேன்ட். நூறு யென் கடைகளில் குந்தே என்ற பருத்திக் கையுறை கிடைக்கும், தோட்ட வேலைக்குப் போடுவது. தடுக்கினால் உள்ளங்கையைக் காப்பாற்றுவது அதுதான், ஆளுக்கொரு ஜோடி வாங்கிவிடுவேன். தண்ணீர் தாராளமாக வேண்டும், பாறை மேல் நிழலே கிடையாது. புதரைத் தாண்டிக் குறுக்கு வழியில் போகாதீர்கள். தாழைப் புதரின் முள் ஒரு பக்கம், ஹபு பாம்பு இன்னொரு பக்கம். ஹபு இரவில் நடமாடும், கடுமையான விஷம். இடி சத்தம் கேட்டால் முனையில் நிற்காமல் காருக்குள் போய்விடுங்கள், வெட்டவெளியில் உயரமாக நிற்பது நாம்தான்.

குழந்தை ஒன்றுக்கு ஒரு பெரியவர், விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். படம் எடுக்கிறவர் அந்தக் கணக்கில் வர மாட்டார். பின்னால் நகர்ந்து நகர்ந்து படம் எடுக்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள், நின்று எடுங்கள், எடுத்து முடித்த பிறகு நடங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

கடலில் ஆள் விழுந்தால் கடலோரக் காவல் படை எண் 118. தரையில் அடிபட்டால் ஆம்புலன்ஸுக்கு 119. யாரும் பின்னால் குதிக்கக் கூடாது. மூடிய காலி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு எறிந்தால் காற்றில் அலையாமல் போய்ச் சேரும், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிதக்கலாம். விழுந்தவர் அதே பாறையில் ஏற முயன்றால் அடுத்த அலை அவரைப் பாறையோடு தேய்த்துவிடும். கொஞ்சம் வெளியே தள்ளிப் போய், ஷூவோடு மல்லாந்து மிதந்து காத்திருப்பது நல்லது. இதை விழுந்த பிறகு கத்திச் சொல்ல முடியாது, காரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹபு ஜெல்லி என்கிற பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காமல் வினிகரைத் தாராளமாக ஊற்ற வேண்டும், கடற்கரைகளில் வைத்திருப்பார்கள். நீல பலூன் போல மிதக்கிற போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் ஜெல்லிக்கு வினிகர் ஆகாது, கடல்நீரால் கழுவ வேண்டும். பாறை கிழித்த காயம் சின்னதாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், துகள் உள்ளே நின்றால் சீழ் வைக்கும்.

நிலம் அதிர்ந்தால், அல்லது போன் ஒரே நேரத்தில் எல்லோரிடமும் அலறினால், கீழே இருப்பவர்கள் பொருளை விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். 2024 ஏப்ரல் 3 அன்று தைவானில் நிலநடுக்கம் வந்தபோது இங்கே சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். வந்த அலை சிறியதுதான், ஆனால் அது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. சாலையோரக் கம்பங்களில் அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், காரை நிறுத்தும்போதே ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. வாடகைக் கார் எடுத்தால் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், 1978 வரை இங்கே வலப்பக்கம். இந்தத் தீவின் சாலைகளுக்கு இதே சுண்ணாம்புக் கல்லைத்தான் உடைத்துப் போட்டார்கள். தேயத் தேயப் பளபளப்பாகி, மழை விழுந்ததும் வழுக்கும். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு இடம் விடுங்கள். ஹெடோ பக்கம் போகிறவர்கள் பெட்ரோலை நாகோ ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். காட்டுச் சாலையில் மெதுவாகப் போங்கள், பறக்கத் தெரியாத யான்பாரு குய்னா பறவை காலையிலும் மாலையிலும் சாலையைக் கடக்கும்.